மெடிக்கல்காரம்மா ஊற்றிய தண்ணீர்

மாரண்டஹள்ளி பஸ் நிலையத்திலிருந்து ஓசூர் ரோட்டில் நடந்தால் இடது பக்கம் நாலாவது கடை என்னுடையது. ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஐந்தாவது கடை கலைமணி மெடிக்கல்ஸ். இரண்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். ஒன்பது வருஷமாக அவர் அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் இந்தப் பக்கம் எனக்குக் கேட்கிறது. கேட்க வேண்டும் என்று நான் ஒரு நாளும் ஆசைப்பட்டதில்லை. ஆனாலும் கேட்கிறது. ஆகவே அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் இந்தப் பேரூராட்சி எல்லைக்குள் கிடையாது. என் பெயர் மரிய ஆனந்த்.

கலைமணிக்கு வயது நாற்பத்தேழு. குள்ளம். கண்ணாடி எப்போதும் நெற்றிமேல் இருக்கும், கடையெல்லாம் அதைத் தேடிக்கொண்டிருப்பார். அவரிடம் ஒரு ஜுர மாத்திரை வாங்கப் போகிறவர் நாலு திட்டு வாங்காமல் வெளியே வர முடியாது. மாத்திரைக்குத்தான் விலை, திட்டு இலவசம்.

"சாப்பிட்ட பின்னாடின்னா சாப்பிட்ட பின்னாடிங்க. சாப்பிட்டு, சீரியல் பாத்து, தூங்கி எந்திரிச்ச பின்னாடி இல்ல."

"சுகர் மாத்திரை போட்டுட்டேன்னு ரெண்டு ஜிலேபி சேத்து சாப்பிட்டீங்களா? இது என்ன மாத்திரையா, ஜிலேபி திங்கறதுக்கு டோக்கனா?"

டாக்டர் முன்னால் வாயைத் திறக்காத ஆட்கள்கூட இவரிடம் வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டுப் போவார்கள். டாக்டர் நாற்பது வினாடியில் பார்த்து அனுப்பியதை இவர் கால் மணி நேரம் விளக்குவார். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கு மாத்திரைக் கவர்மேல் படம் வரைந்து கொடுப்பார். காலைக்கு சூரியன், மத்தியானத்துக்குத் தட்டில் சோறு, ராத்திரிக்கு நிலா. அவர் வரைகிற சூரியனைப் பார்த்தால் எட்டுக்கால் பூச்சி என்றுதான் யாரும் நினைப்பார்கள், அது வேறு விஷயம். ஒரு தடவை எங்கள் சொந்தக்காரர் சவரி பிரஷர் மாத்திரையை ஒரு நாள் விட்டுவிட்டு வந்து நின்றார். ஏன் போடவில்லை என்று கேட்டதற்கு, "நேத்து அமாவாசைங்க. நிலாவே வரல. அதான் போடல" என்றார். கலைமணி தலையில் அடித்துக்கொண்டார். அன்றிலிருந்து ராத்திரிக்கு நிலா கிடையாது, பாயும் தலையணையும்தான்.

இந்த அம்மா பிறந்தது, வளர்ந்தது, இன்றைக்கும் குடியிருப்பது காலனியில். எங்கள் பக்கம் காலனி என்றால் யார் இருக்கிற இடம் என்று தமிழ் படிக்கிறவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அப்பா சென்றாயன் தக்காளி மண்டியில் கூடை தூக்கினவர். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் பாஸான அன்றைக்கு, "புள்ள டாக்டருக்குப் படிக்கப் போவுது" என்று மண்டி முழுக்கச் சொல்லிவிட்டார். மார்க் பத்தவில்லை. கலைமணி சேலத்தில் டி.பார்ம். சேர்ந்தார். அப்பா அதற்காகப் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை. மருந்து கொடுக்கிறவர் டாக்டர்தானே, எழுதுகிறவர் வெறும் குமாஸ்தா என்று கடைசிவரைக்கும் வாதாடினாராம். மகளுக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிகிறதா!

முதல் வேலை பக்கத்து ஊரில் ஒரு மருந்துக்கடையில். வேலை என்று சொல்வதே தப்பு. மருந்துக்கடை நடத்த வேண்டுமென்றால் பார்மசி படித்த ஒருவரின் சர்டிபிகேட் சுவரில் தொங்க வேண்டும், அவரும் கடையில் இருக்க வேண்டும். அந்த முதலாளி பத்தாம் வகுப்பு. அவர் இவருடைய வீட்டுக்கே வந்து, "சர்டிபிகேட்ட மட்டும் குடு கண்ணு. மாசாமாசம் பணம் வூடு தேடி வரும். நீ எதுக்கு வெயில்ல அலையற?" என்று அவ்வளவு கரிசனமாகச் சொன்னாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் கலைமணி சிரிப்பார். "என் சர்டிபிகேட்டு அங்க ஏ.சி.ல தொங்கிட்டு இருந்துச்சுங்கண்ணா. நான் வூட்ல விசிறிட்டு இருந்தேன்."

ஒரு நாள் அதிகாரி சோதனைக்கு வருகிறார் என்று தகவல். அவசரமாக இவரை அழைத்துவந்து வெள்ளைக் கோட்டு மாட்டி, முதலாளி நாற்காலியிலேயே உட்கார வைத்தார்கள். அதிகாரி வந்தார், பார்த்தார், கையெழுத்துப் போட்டார், போனார். "சரி கண்ணு, நீ பஸ்ஸுக்கு கெளம்பு" என்றார் முதலாளி. கலைமணி எழுந்திருக்கவில்லை. சட்டப்படி நான் இங்கேதான் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு டிபன் டப்பாவோடு வந்து நின்றார். துரத்தினால் சர்டிபிகேட்டும் கூடவே போய்விடும், முதலாளியால் என்ன செய்ய முடியும்? பின்பக்கம் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டுக் கொடுத்தார்கள். எல்லோருக்கும் கண்ணாடி கிளாஸில் டீ, இவருக்கு மட்டும் பேப்பர் கப். அப்படியே பதினோரு வருஷம். "பேப்பர் கப்புன்னு ஒண்ணு கண்டுபுடிச்சவன் ரொம்ப நல்லவங்கண்ணா. நம்ம ஜனங்களுக்கு அவன் எவ்ளோ சங்கடத்த மிச்சம் பண்ணியிருக்கான்" என்பார். சிரித்துக்கொண்டேதான் சொல்வார். எனக்குத்தான் எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாது.

பிறகு சொந்தக் கடை. மாரண்டஹள்ளியில் கடை பிடிக்க எட்டு மாதம் அலைந்தார். ஒருத்தருக்கு வாஸ்து சரியில்லை. இன்னொருத்தருடைய மகன் துபாயிலிருந்து வந்து கடை வைக்கப்போகிறான், அந்தப் பையனுக்கு அப்போது ஒன்பது வயது. கடைசியில் கிடைத்தது என் பக்கத்துக் கடை. அது தக்காளி மண்டிக்காரர் காளியப்பனுக்குச் சொந்தம். அதில் செல்போன் கடை வைத்தவர் ஆறு மாதத்தில் மூடினார், பேக்கரி வைத்தவருக்கு அடுப்பு வெடித்தது, சீட்டுக் கம்பெனி வைத்தவர் ஒரு நாள் காலையில் ஆளையே காணோம். ராசியில்லாத கடை என்று பெயராகி ஒரு வருஷம் பூட்டிக் கிடந்தது. ராசியா சாதியா என்று பார்த்தபோது காளியப்பனுக்கு ராசி பெரிதாகப் பட்டிருக்கிறது. கொடுத்துவிட்டார்.

நாங்கள் வேதக்காரர்கள். எங்களுக்குள் சாதி இல்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை நேரத்தில் இது நூற்றுக்கு நூறு உண்மை. அதனால் பக்கத்துக் கடைக்குக் கலைமணி வந்தபோது நான் ரொம்பப் பெருந்தன்மையோடு வரவேற்றேன். அண்ணா என்று அவர் கூப்பிட, ஏங்க என்று நான் கூப்பிட, நல்லபடியாகவே போனது.

ஊரும் நல்லபடியாகவே நடந்துகொண்டது. மாத்திரை வாங்கினார்கள், தைலம் வாங்கினார்கள், திட்டு வாங்கினார்கள். ஒன்றே ஒன்றைத் தவிர.

குழந்தைகளுக்கு ஜுரம், சளி என்றால் டாக்டர்கள் ஒரு பவுடர் மருந்து எழுதுவார்கள். சின்ன பாட்டிலில் அடியில் கொஞ்சம் பவுடர் இருக்கும். பாட்டில்மேல் ஒரு கோடு இருக்கும். கொதிக்க வைத்து ஆறின தண்ணீரை அந்தக் கோடு வரைக்கும் ஊற்றிக் குலுக்க வேண்டும். கூடப் போனால் மருந்து நீர்த்துவிடும், குறைந்தால் வீரியம் ஏறிவிடும். மற்ற மருந்துக்கடைகளில் கடைக்காரரே ஊற்றிக் குலுக்கிக் கொடுத்துவிடுவார்கள். கலைமணியும் தினம் காலையில் கடை திறந்ததும் தண்ணீர் காய்ச்சி, ஆற வைத்து, எவர்சில்வர் ஜக்கில் மூடி வைப்பார். ஆனால் ஊர்க்காரர்கள் வந்தால் கை நீட்டித் தடுத்துவிடுவார்கள்.

"தண்ணி வேணாங்க. பவுடராவே குடுங்க. வூட்ல போயி கலந்துக்கறோம்."

ஏன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. என்னிடம்தான் ஒரு நாள் சொன்னார்: "மாத்திரைக்கு அலுமினியத்துல சட்டை போட்டு அனுப்பறாங்கண்ணா, அதனால அதுக்குத் தீட்டு இல்ல. தண்ணிதான் பாவம், அம்மணமா நிக்குது."

கேட்காவிட்டாலும் சும்மா விடுகிற ஆள் இல்லையே அவர். காலி பாட்டில் ஒன்றை வைத்துக்கொண்டு, கோடு எது, எவ்வளவு ஊற்ற வேண்டும், எப்படிக் குலுக்க வேண்டும் என்று ஒவ்வொருத்தருக்கும் நடித்துக் காட்டுவார். எல்லோரும் தலையை ஆட்டுவார்கள். வீட்டுக்குப் போய் அவரவர் இஷ்டத்துக்குக் கலப்பார்கள். பிள்ளைக்குத் தெம்பு வரட்டும் என்று ஒரு அம்மா பாலில் கலந்துவிட்டார். இன்னொருத்தர் தண்ணீரே ஊற்றாமல் பவுடரை ஸ்பூனில் எடுத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவினார். காலனிப் பிள்ளைகளுக்குக் கலைமணி கையாலேயே கலந்து போனதால் மூன்று நாளில் ஜுரம் விட்டது. ஊர்ப் பிள்ளைகளுக்கு ஏழு நாள், எட்டு நாள் ஆனது. டாக்டர் மருந்துக் கம்பெனிக்காரனைக் கூப்பிட்டுத் திட்டினார். அவன் பாவம், என்ன ஏது என்று தெரியாமல் தலையைச் சொறிந்துகொண்டு போனான்.

போன ஐப்பசி மழையில்தான் அது நடந்தது. காளியப்பனின் பேத்தி தன்ஷிகா, இரண்டு வயது. காளியப்பனின் மகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒரு நாள்தான் வருவார். மருமகள் பானுமதி குழந்தையோடு மாமனார் வீட்டில் இருக்கிறார். குழந்தைக்கு ஜுரம் என்று டாக்டர் அந்தப் பவுடர் மருந்தை எழுத, காளியப்பனின் மனைவி மாதம்மாள் வந்து பவுடராகவே வாங்கிக்கொண்டு போனார். ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்குக் கடைக்கு முன்னால் அவர்கள் கார் வந்து நின்றது. ஓட்டி வந்தது காளியப்பன். பின்சீட்டில் பானுமதி மடியில் குழந்தை. மாதம்மாள் மட்டும் இறங்கி வந்தார். சத்தம் கேட்டு நானும் என் கடை வாசலுக்கு வந்து நின்றேன்.

"இன்னொரு பாட்டில் குடு. டாக்டரு லீவாம். ஜுரமும் வுடல, நேத்திருந்து வயித்தால வேற போவுது. என்ன மருந்து விக்கற நீ?"

மாதம்மாளுக்குக் கலைமணியைவிடப் பத்து வயது கூட இருக்கலாம். ஆனால் அந்த 'நீ' வயதுக்காக வருவதில்லை, அது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும்.

"பழைய பாட்டில் இருக்குதுங்களாம்மா?" என்றார் கலைமணி.

பானுமதி கார் ஜன்னல் வழியாக நீட்டினார். மாதம்மாள் வாங்கிக் கவுண்ட்டர்மேல் வைக்க, கலைமணி எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது ரோஸ் கலர்ல கெட்டியா இருக்கணும்ங்களே. அரிசி கழுவின தண்ணியாட்டம் இருக்குது. எது வரைக்கும் ஊத்துனீங்க?"

"கழுத்து வரைக்கும் ஊத்துனேன். பாட்டில எதுக்கு காலியா வுடணும்?"

"எந்தத் தண்ணிங்க?"

மாதம்மாள் நிமிர்ந்தார். "சாதாத் தண்ணியா? தீர்த்தமலைத் தீர்த்தம். ஆடியில போனப்ப கேன்ல புடிச்சாந்தது. புள்ளைக்குக் கண்ட தண்ணியையும் ஊத்துவேனா?"

கண்ட தண்ணீர் எது என்று எனக்கே புரிந்தது. கலைமணி அதைக் காதில் வாங்காத மாதிரி, "சாமி தண்ணி நல்ல தண்ணிதாங்கம்மா. ஆனா மூணு மாசம் கேன்ல கெடந்தா எந்தத் தண்ணியும் கெட்டுத்தான் போவும்" என்று சொல்லிக்கொண்டே கவுண்ட்டரைத் தாண்டி வெளியே வந்து காருக்குள் தலையை விட்டார். குழந்தையின் வயிற்றுத் தோலை இரண்டு விரலால் கிள்ளி விட்டார். தோல் மடிந்தபடியே நின்று மெதுவாகத்தான் படிந்தது. குழந்தை அழவில்லை. கண் பாதி மூடிக் கிடந்தது.

"கடைசியா எப்ப மூத்திரம் போனா?"

"நேத்து சாயந்தரம்... தெரியலீங்க" என்றார் பானுமதி.

கலைமணியின் முகம் மாறிவிட்டது. ஒன்பது வருஷத்தில் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. "பாட்டிலும் வேணாம் ஒண்ணும் வேணாம். தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போங்க. இப்பவே. ஒடம்புல தண்ணி வத்திப்போச்சு" என்றவர், கடைக்குள் ஓடி உப்பு சர்க்கரைப் பாக்கெட் ஒன்றை உடைத்தார். தான் குடிக்க வைத்திருந்த ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டிலைக் கழுவினார். ஜக்குத் தண்ணீரை அதில் ஊற்றினார்.

நான் ஓடிப்போய் காதருகில் சொன்னேன். "எதுக்குங்க வம்பு? பாக்கெட்டா குடுத்து அனுப்பிடுங்க. புள்ளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா, அவ தண்ணி குடுத்தா, அதான் போயிடுச்சுன்னு சொல்லிடுவாங்க. கடையும் அவங்களது. ஊரே சேந்து உங்கள ஒரு வழி பண்ணிடும்."

"தெரியுங்கண்ணா" என்றார். பாட்டிலை மூடிக் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

வாசலில் மாதம்மாள் வழிமறித்தார். "பாக்கெட்டா குடு. வூட்டுக்குப் போயி கலந்துக்கறோம்."

"வூடு எதுத்த பக்கம் மூணு கிலோமீட்டருங்கம்மா. போயிட்டு வர நேரமில்ல."

"அப்ப நில்லு, கடையில பாட்டில் தண்ணி வாங்கியாறேன்" என்று சொல்லி மாதம்மாள் விறுவிறுவென்று ரோட்டைத் தாண்டிப் பெட்டிக்கடைக்குப் போனார். அங்கே எல்லா பாட்டிலும் ஃப்ரிட்ஜில். ஜில்லுனு இல்லாம ஒண்ணு குடு என்று அவர் கடைக்காரரோடு மல்லுக்கட்டுவது இங்கே கேட்டது. காளியப்பன் ஹாரன் அடித்தார்.

கலைமணி ஜன்னல் வழியாக பாட்டிலையும் ஸ்பூனையும் நீட்டினார். "நிமிசத்துக்கு ஒரு ஸ்பூன். வாந்தி எடுத்தா பத்து நிமிசம் விட்டு மறுபடி குடுங்க. வழியெல்லாம் குடுத்துட்டே போங்க. மூத்திரம் போனா எனக்குப் போன் பண்ணுங்க, நம்பர் இந்தக் கவர்ல இருக்குது."

பானுமதி பாட்டிலைப் பார்த்தார். பிறகு மாமனாரின் பிடரியைப் பார்த்தார். காளியப்பன் கண்ணாடியில் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கு என்றும் சொல்லவில்லை. பானுமதி வாங்கிவிட்டார். முதல் ஸ்பூனைக் குழந்தை கலைமணியின் கைமேலேயே துப்பியது. இரண்டாவது உள்ளே போனது. மூன்றாவது, நாலாவது. மாதம்மாள் பாட்டிலோடு திரும்பி வந்து பார்த்து வாயைத் திறந்தார். "ஏறு" என்றார் காளியப்பன். கார் போய்விட்டது.

கார் வழியிலுள்ள பாலக்கோடு போய்ச் சேர்வதற்குள் சேதி ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. டீக்கடையில் ஒருத்தர் என்னிடமே கேட்டார். "மண்டிக்காரர் பேத்திக்குக் காலனித் தண்ணிய குடுத்துட்டாளாமே? புள்ளைக்கு இழுத்துட்டு இருக்குதாமே?" எதையும் தெரிந்துகொள்ளாமல் இவ்வளவு விவரமாகப் பேச எங்கள் ஊரில்தான் முடியும். ஒரு பதிலும் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

கலைமணி கடையைத் திறந்தே வைத்திருந்தார். அன்று மத்தியானம் நாலு பேர் மருந்து வாங்க வந்தார்கள். ஒருத்தரையும் திட்டவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. பயமாக இருந்தது, எழுந்து போய்ப் பார்த்தேன். போனைக் கவுண்ட்டர்மேல் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணும் ஆவாதுங்க" என்றேன்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுண்ணா. கடை போனா போவுது, வேற ஊர்ல வெச்சுக்கறேன். அந்தப் புள்ளைக்கு ஒண்ணும் ஆவக் கூடாது."

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. எடுத்ததும் அந்தப் பக்கத்துக் குரல் எனக்கே கேட்டது, அவ்வளவு சத்தம். "அக்கா, நான் பானு பேசறேன். பாப்பா மூத்திரம் போயிட்டா!"

"எவ்ளோ? நெறையவா? என்ன கலரு?" என்று கலைமணி கத்தினார். பதிலைக் கேட்டார். போனை வைக்கக்கூடத் தோன்றாமல் வாசலுக்கு வந்து, நான் பக்கத்திலேயே நிற்பது மறந்துபோய், என் கடையைப் பார்த்து, "அண்ணா! மூத்திரம் போயிடுச்சாம்! நெறைய போயிடுச்சாம்!" என்று கூவினார். ஓசூர் பஸ்ஸுக்கு நின்றிருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு குழந்தை மூத்திரம் போனதற்கு நடு ரோட்டில் நின்று ஒருவர் அழுததை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. எனக்கும் கண் கலங்கியது, ஏன் மறைக்க வேண்டும்.

நாலு நாளில் குழந்தை வீட்டுக்கு வந்துவிட்டது. வழியில் தண்ணீர் கொடுத்துக்கொண்டே வந்தது ரொம்ப நல்லதாகப் போயிற்று என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். காளியப்பன் ஒரு சாயங்காலம் கடைக்கு வந்து நின்றார். நன்றி சொல்வார் என்று நான் ஜெராக்ஸை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் இருமல் மருந்துகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது என்ன தண்ணி? அன்னிக்கு ஊத்துனது?" என்று கேட்டார்.

"ஒகேனக்கல் தண்ணிங்க. உங்க வூட்டுக்கு வருதே, அதே பைப்பு. உங்க வூட்டத் தாண்டித்தான் எங்களுக்கு வருது."

"ஓ" என்றார் காளியப்பன். ஒரு தலைவலித் தைலம் வாங்கினார். போய்விட்டார்.

அடுத்த வாரம் மாதம்மாள் வந்தார். குழந்தைக்கு டாக்டர் இன்னொரு பவுடர் பாட்டில் எழுதியிருந்தார். கையில் ஒரு பித்தளைச் சொம்பு, மேலே தட்டு போட்டு மூடியிருந்தது. அதைக் கவுண்ட்டர்மேல் வைத்தார்.

"எங்க வூட்டுத் தண்ணி. காய்ச்சி ஆற வெச்சது. கோடு வரைக்கும் நீயே பாத்து ஊத்திக் குடு."

கலைமணி ஒரு கணம் சொம்பைப் பார்த்தார், மாதம்மாளைப் பார்த்தார். அளந்து ஊற்றினார், குலுக்கினார், கொடுத்தார். மாதம்மாள் திருப்தியாக வாங்கிக்கொண்டு போனார். மண்டிக்காரர் வீட்டில் செய்துவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? அதற்கப்புறம் வந்த ஊர்ப் பெண்கள் எல்லோரும் சொம்போடும் வாட்டர் பாட்டிலோடும் வர ஆரம்பித்தார்கள். பால் சொசைட்டி மாதிரி வரிசை வேறு. ஊர்ப் பிள்ளைகளுக்கும் இப்போது மூன்று நாளில் ஜுரம் விடுகிறது. டாக்டர் அந்த மருந்துக் கம்பெனியைப் பாராட்டுகிறார்.

ஒரு நாள் மத்தியானம் அந்த வரிசை கலைந்ததும் எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. போய் அவர் கவுண்ட்டரில் சாய்ந்துகொண்டேன்.

"பாத்தீங்களா இந்தக் கூத்த! கை பாஸாயிடுச்சு, தண்ணி இன்னும் பெயிலு. ஒரே பைப்புத் தண்ணிதானே? படிக்காத ஜனங்க. இதுங்க என்னைக்குத்தான் திருந்தப் போவுதோ!"

இந்த மாதிரி எதையாவது நான் எடுத்துக்கொடுத்தால் அவர் அதற்குமேல் ஒன்று சொல்லிச் சிரிக்க வைப்பார். அன்றைக்குச் சொல்லவில்லை. ஜக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சுபாவுக்குக் காதுல சீழ் வந்துச்சேண்ணா. ரெண்டாவது படிக்கறப்ப. ஞாபகம் இருக்குங்களா?"

சுபா என் மகள். அவளுக்குக் காது வலி வந்தது ஞாபகம் இருந்தது. மற்றது ஞாபகமில்லை.

"அன்னிக்கு நான் ஜக்க எடுத்தேன். வேணாங்க, வூட்ல போயி நானே கலந்துக்கறேன்னு சொல்லிட்டு பவுடரா எடுத்துட்டுப் போனீங்க. பக்கத்துக் கடை, வாங்கினதும் இங்கயே கலந்திருக்கலாம். எனக்கு மனசு கேக்கல. மறுநாளு பாட்டில கொண்டாந்து காட்டச் சொன்னேன், நீங்களும் கொண்டாந்து காட்டுனீங்க. கரெக்டா கோட்டுல நின்னுச்சுண்ணா. ஒரு சொட்டு கூடுதலும் இல்ல, ஒரு சொட்டு கொறையவும் இல்ல. இந்த ஊர்லயே நீங்க ஒருத்தருதான் சரியா ஊத்துனது. அதனால நான் ஒண்ணும் கேக்கல."

கோபமே இல்லாமல் சொன்னார். எனக்கு அந்த நாள் அடியோடு மறந்து போயிருந்தது. அவருக்கு மறக்கவில்லை. அவர் ஜக்கை மூடி வைத்துவிட்டு, மருந்து வாங்க வந்த ஆளைக் கவனிக்கப் போனார். நான் என் கடைக்கு வந்து உட்கார்ந்தேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பி.காம். படித்தவன் இல்லையா, அளவு தப்பாமல்தான் ஊற்றியிருக்கிறேன்.